பக்கத்தில் நின்று சொல்ல ஆளில்லாத ஊர்

திருவனந்தபுரத்தில் நான் ஆங்கிலத்தை மலையாளத்தில் படிக்கிறேன். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பார்களே, அதைத்தான் வாரத்தில் இரண்டு சாயங்காலம் காசு கட்டிச் செய்துகொண்டிருக்கிறேன். தம்பானூரில் ஒரு பேக்கரிக்கு மேலே மாடி அறை. பிந்து டீச்சர் ஓர் ஆங்கில வாக்கியத்தைச் சொல்லி, பொருளை மலையாளத்தில் விளக்குவார். நான் அதைத் தமிழுக்கு இழுத்துவந்து சேர்ப்பதற்குள் வகுப்பு அடுத்த வாக்கியத்துக்குப் போயிருக்கும். நம்ம ஊர் வள்ளியூரில் இதைச் சொல்லி அழுதால், "திருவனந்தபுரம் என்ன வெளிநாடா வே? நாகரோயில் தாண்டுனா வந்துரும்லா" என்று சிரிப்பீர்கள். வந்துவிடும்தான். வந்து நாலு பேரிடம் வாயைத் திறந்து பாருங்கள், அப்புறம் பேசுவோம்.

நான் வேலை பார்ப்பது ஓர் ஓட்டலின் ஹவுஸ்கீப்பிங் பிரிவில். அறைகளைச் சரிசெய்வதும் பையன்களை மேய்ப்பதும் என் வேலை. ஷிப்ட் மாறிக்கொண்டே இருப்பதால், ஸ்டாஃப் ரூமில் மற்றவர்களோடு படுக்கை. ரிசப்ஷனில் ஓர் இடம் காலியாகப் போகிறது என்று தெரிந்தது. அது நிரந்தரப் பகல் வேலை. கிடைத்தால் கரமனைப் பக்கம் சின்னதாக ஒரு வீடு பிடித்து, மனைவி செல்வியையும் மகள் கார்த்திகாவையும் ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்குள் கூட்டி வந்துவிடலாம். குறுக்கே நின்றது ஆங்கிலம் மட்டும்தான். பொன்முடி மலைக்கு வண்டி கேட்டு வருகிற வெள்ளைக்காரருக்கு வழி சொல்லத் தெரிய வேண்டுமே. அதற்காகத்தான் அந்த மாடிப்படி ஏறினேன். மகளும் சும்மா இருக்கவில்லை. இங்கே பள்ளியில் மலையாளம் வேண்டும் என்று நான் சொன்னதும், தினமும் போனில் என்னிடம் வார்த்தை கேட்டுக் கேட்டுப் படிக்க ஆரம்பித்தாள்.

அன்றைக்கு வகுப்பில் 'பெஸ்ட், ஈஸியஸ்ட், மோஸ்ட் டிஃபிகல்ட்' பாடம். ஆங்கிலம் படிக்க எது நல்ல வழி என்று ஆளுக்கொரு வாக்கியம் சொல்ல வேண்டும். வளைகுடா போகக் காத்திருக்கும் நர்ஸ் ஒருத்தி, சினிமா பார்ப்பதுதான் 'தி ஈஸியஸ்ட் வே' என்றாள். பேங்க் பரீட்சைக்குப் படிக்கிற பையன், பேப்பர் வாசிப்பதுதான் 'தி சீப்பஸ்ட் வே' என்றான். என் முறை வந்தது. "தி மோஸ்ட் டிஃபிகல்ட் வே இஸ் த்ரூ மலையாளம்" என்றேன். எல்லோரும் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். "முத்து, நல்ல தமாஷாணு கேட்டோ" என்றார் டீச்சர். நான் தமாஷ் பண்ணவில்லை. வயிற்றெரிச்சலைச் சொன்னேன்.

அடுத்து, அதே மாதிரி அவரவரைப் பற்றிச் சொல்லச் சொன்னார். நர்ஸ் கூசாமல், தன் வார்டிலேயே தான்தான் 'தி மோஸ்ட் கேரிங்' என்றாள். என்னால் முடியவில்லை. "மை ஃப்ரெண்ட் சுஜித் இஸ் தி ஃபாஸ்டஸ்ட்" என்று சொல்லித் தப்பித்தேன். வாக்கியம் சரியாக இருந்ததால் டீச்சரும் விட்டுவிட்டார்.

நம் பக்கத்தில் தன் பெருமையைத் தானே சொல்பவனை யார் மதிக்கிறார்கள்? செல்வியைப் பெண் பார்க்கப் போனபோது, "மாப்பிள்ளை என்ன சோலி பாக்காக?" என்று அவள் அப்பா கேட்டார். "சும்மா ஓட்டல்ல நிக்கேன்" என்று தரையைப் பார்த்தேன். உடனே என் மாமா, "சும்மாவா? எங்க குடும்பத்துலயே பொறுப்பான பய இவந்தான்" என்று ஆரம்பித்து, காப்பி ஆறும்வரை நிறுத்தவில்லை. பதிலுக்கு நானும் மாமாவைத் தூக்கி வைத்துப் பேசினேன். சம்பந்தம் முடிந்தது. பக்கத்தில் நிற்பவன் நம்மைச் சொல்வான், நாம் அவனைச் சொல்வோம். அதுதானே மரியாதை.

ரிசப்ஷன் இடத்துக்கு இரண்டு பேரைக் கூப்பிட்டார்கள். ஒன்று நான், இன்னொன்று அதே சுஜித். நெடுமங்காட்டுக்காரன், ரூம் சர்வீஸில் இருப்பவன், தங்கமான பையன். மேனேஜர் இருவரையும் ஒன்றாக உட்காரவைத்து, "ஒய் ஷுட் வீ செலக்ட் யூ?" என்று முதலில் என்னைப் பார்த்துக் கேட்டார். எனக்குத் தெரிந்த வழியில்தான் தொடங்கினேன். "சுஜித் இஸ் தி ஃபாஸ்டஸ்ட், தி மோஸ்ட் ஹானஸ்ட், கெஸ்ட் எல்லாருக்கும் ஹி இஸ் தி பெஸ்ட்" என்று திக்காமல் சொன்னேன். மேனேஜர் புருவத்தை உயர்த்தினார். நான் சாய்ந்து உட்கார்ந்து சுஜித்தின் முறைக்குக் காத்திருந்தேன். என்னைப் பற்றி அவன் சொல்வான் அல்லவா?

அவன் சொன்னது, "தேங்க்யூ முத்தண்ணா. யெஸ் சார், ஐ ஆம் தி மோஸ்ட் சூட்டபிள்."

வேலை அவனுக்குப் போனது. மேனேஜர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, என் ஆங்கிலம்தான் 'தி மோஸ்ட் இம்ப்ரூவ்ட்' என்றார். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் இலக்கணச் சுத்தமாகக் கெட்டேன். வராந்தாவில் சுஜித் ஓடிவந்து கட்டிக்கொண்டான். "எனிக்கு வேண்டியல்லே அண்ணன் அங்ஙனெ பறஞ்ஞது? ஒருபாடு நன்றி அண்ணா" என்றான். கண் கலங்கியிருந்தது. அவனுக்காக நான் விட்டுக்கொடுத்தேன் என்று நினைத்துவிட்டான். இல்லையடா, நீ எனக்காகச் சொல்வாய் என்றுதான் சொன்னேன் என்று எந்த மொழியில் விளக்குவது? அவனிடம் ஒரு குற்றமும் இல்லை, அதுதான் எரிச்சல். கோபப்படக்கூட ஆள் கிடைக்கவில்லை.

சாயங்காலம் செல்விக்குப் போன் போட்டேன். நடந்ததை எல்லாம் சொன்னேன்.

"உங்களப் பத்தி ஒரு வார்த்த சொன்னா வாயா வலிச்சிரும்?"

"வரல செல்வி."

"நான் பக்கத்துல இருந்தா சொல்லியிருப்பம்லா" என்றாள்.

அவள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதற்குத்தானே இந்தப் பாடு எல்லாம். அதைச் சொல்வதற்குள் கார்த்திகா போனைப் பிடுங்கிவிட்டாள். அவளுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. புதிதாக ஒரு வாக்கியம் சேர்த்து வைத்திருக்கிறாளாம், தப்பு இருந்தால் திருத்த வேண்டுமாம்.

"அச்சா, என்னெ எப்போழா அங்ஙோட்டு கொண்டுபோகுன்னது?"

ஒரு தப்பும் இல்லை. வள்ளியூரில் உட்கார்ந்து மலையாளம் பேசுகிற பிள்ளைக்கு, திருவனந்தபுரத்தில் நின்றுகொண்டு, "சீக்கிரம் கூட்டிட்டு வந்துருதேன் மக்ளே" என்று தமிழில் சொன்னேன்.

"மலையாளத்துல சொல்லுப்பா" என்றாள்.