கொட்டகையில் மூன்று பேர்

விருத்தாசலத்தில் ஒரு செராமிக் யூனிட்டில் அப்போது வேலை பார்த்தேன். பொம்மைகளை அச்சிலிருந்து எடுத்து, ஈரம் காய்வதற்குள் பிசிறு நீக்கித் துடைத்து வைக்க வேண்டும். டிகிரி முடித்திருந்தேன். அரசு வேலைக்காகக் குரூப் ஃபோர் தேர்வும் எழுதிக்கொண்டிருந்தேன். இரண்டு முறையும் கணக்கு என்னைக் கவிழ்த்துவிட்டது. மூன்றாவது முறை, ஒரு மாதிரித் தேர்வில் பழக்கமான இரண்டு பேரோடு சேர்ந்து படிப்பதென்று முடிவு செய்தேன்.

ஒருத்தி கம்மாபுரத்துப் பெண். என்னைவிடச் சின்னவள், ஸ்கூட்டியில் வருவாள். கணக்கு அவள் பொறுப்பு. இன்னொருவர் சேத்தியாத்தோப்பிலிருந்து பஸ்ஸில் வரும் அண்ணன். உரக்கடையில் வேலை பார்த்தார். அரசியலமைப்பும் வரலாறும் அவருக்கு. தமிழ் எனக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் யூனிட் மூடியிருக்கும். கேட்டதும் முதலாளி சாவியைக் கொடுத்தார். பொம்மைகள் காயும் கொட்டகையில் சாக்கை விரித்து உட்கார்ந்தோம்.

இது என் கணவருக்குப் பிடிக்கவில்லை.

"மூணு பேரும் ஒரே வேலைக்குத்தானே போட்டி போடுறீங்க? அப்புறம் அவங்க எதுக்கு உனக்குச் சொல்லித் தராங்க?" என்றார்.

"நானும்தானே அவங்களுக்குச் சொல்லித் தரேங்க."

"அதான் கேக்குறேன். நீ எல்லாத்தையும் சொல்லிடுறியா?"

அந்தக் கேள்வி மனதில் தங்கிவிட்டது.

ஆனால் கணக்கு வந்தது. வேலையும் நாட்களும் என்ற பாடத்தைக் கண்டாலே பக்கத்தைப் புரட்டிவிடுவேன். அவள் அதை, நாலு பெண்கள் சேர்ந்து பொம்மை துடைப்பதாக வைத்துச் சொன்னாள். புரிந்துவிட்டது. அத்தனை வருஷம் எதற்குப் பயந்தேன் என்றே தெரியவில்லை.

ஒருநாள் அண்ணன், அடிப்படைக் கடமைகளைச் சேர்த்தது நாற்பத்து நான்காவது திருத்தம் என்றார். எழுதிக்கொண்டேன். வீட்டில் பள்ளிப் பாடப்புத்தகத்தைப் புரட்டியபோது நாற்பத்து இரண்டு என்றிருந்தது. வாய் தவறியிருக்கலாம். வேண்டுமென்றே சொல்லியிருந்தால்? அந்த வாரம் முழுவதும் அச்சைப் பிரிக்கும்போதெல்லாம் அதே நினைப்பு. அவர் சொன்னது ஒவ்வொன்றையும் புத்தகத்தில் தேடிச் சரிபார்த்தேன். அவள் சொன்ன கணக்குகளையும் திரும்பப் போட்டுப் பார்த்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கேட்டுவிட்டேன்.

"அப்படியா சொன்னேன்?" அவர் புத்தகத்தைப் புரட்டினார். "ஆமாம்மா, நாப்பத்திரெண்டுதான். மாத்திச் சொல்லிட்டேன்."

உண்மையிலேயே வெட்கப்பட்டவர் போலத்தான் இருந்தார். அதற்குள் அந்தப் பெண், "நான் அன்னைக்கே மாத்தி எழுதிக்கிட்டேங்க்கா" என்றாள். "நாப்பத்திநாலு சொத்துரிமையை எடுத்தது. எங்க நெலத்தை நெலக்கரிச் சுரங்கத்துக்குக் கேட்டப்ப, அப்பா அதைச் சொல்லிச் சொல்லிப் பொலம்பினாரு. எனக்கு மறக்காது."

"அப்ப என்கிட்ட ஏன் சொல்லல?"

"அண்ணன் மனசு கஷ்டப்படும்னுதாங்க்கா."

அண்ணன் தலை நிமிரவில்லை. அவர் மேலிருந்த சந்தேகம் அந்த நொடியில் அவள் மேல் போய் உட்கார்ந்தது. தெரியாமல் தப்பாகச் சொல்கிறவரைவிட, தெரிந்தும் பேசாமல் இருக்கிறவளுக்குத்தான் பயப்பட வேண்டும் என்று தோன்றியது. ஆனாலும் போவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் கணக்கு போய்விடும்.

தேர்வில் நாங்கள் இரண்டு பேரும் தேறினோம். அண்ணனுக்குக் கிடைக்கவில்லை. கலந்தாய்வுக்கு நானும் அவளும் ஒரே ரயிலில் சென்னைக்குப் போனோம். ரேங்கில் அவள் எனக்கு முன்னால். ரயிலில் கேட்டாள்:

"எந்த எடத்தைக்கா எடுக்கப் போறீங்க?"

"கடலூர் மாவட்டந்தான். பையன் ஸ்கூலு விருத்தாசலத்துல இருக்குது, அவரு வேலையும் அங்கதான். நீ?"

"நான் விழுப்புரம் எடுத்துக்குறேங்க்கா. சித்தி வூடு அங்கதான் இருக்குது."

கூடத்தில் பெரிய திரையில் காலியிடங்கள் ஓடிக்கொண்டிருந்தன. எங்கள் மாவட்டத்தில் ஒரே ஒரு இடம் மிச்சமிருந்தபோது அவளை அழைத்தார்கள். அவள் வெளியே வருவதற்கு முன்பே திரையில் அந்த இடம் போய்விட்டது. விழுப்புரம் அப்படியே இருந்தது.

வெளியே காத்திருந்தாள். "உள்ள போறதுக்கு முன்னாடி அப்பா போன் பண்ணாருக்கா. சுரங்கத்துக்காரங்க வூட்டையும் அளக்க வந்துட்டாங்களாம். இனி குடும்பத்தோட விருத்தாசலத்துக்குத்தான் வரணும். அதான்" என்றாள். கண் கலங்கியிருந்தது.

"சரி விடும்மா" என்றேன். அவள் ரேங்க், அவள் உரிமை. கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் ஓர் இடம் எடுத்தேன். உளுந்தூர்பேட்டை அலுவலகம் கிடைத்தது. தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன்.

யூனிட்டில் கம்மாபுரத்துக்காரம்மா ஒருவர் வேலை செய்கிறார். வேலையை விட்டுச் சம்பளக் கணக்கு முடிக்கப் போனபோது, அவள் வீட்டை அளந்ததைப் பற்றி அவரிடம் பேச்சுவாக்கில் கேட்டேன்.

"அது நீங்க மெட்ராஸ் போறதுக்கு முந்தின மாசமேல்ல அளந்தாங்க" என்றார்.

வீட்டில் அவளிடம் மறைத்திருக்கலாம். படிக்கிற பெண், மனம் கலங்கக் கூடாதென்று அப்பா சொல்லாமல் வைத்திருந்து, அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். இல்லையென்றால் ரயிலில் என் எதிரே உட்கார்ந்து சித்தி வீட்டைப் பற்றிப் பேசும்போதே அவளுக்குத் தெரிந்திருக்கும். அவளிடம் கேட்டால் ஒரு பதில் சொல்வாள். அதை நம்புவதா என்று இன்னொரு சந்தேகம் வரும். அதனால் கேட்கவில்லை.

போன மாதம் அண்ணன் போன் செய்தார். "மறுபடியும் எழுதறேம்மா. ரெண்டு பேரும் ஞாயித்துக்கெழமை கொஞ்ச நேரம் வந்து ஒக்காந்தீங்கன்னா நல்லா இருக்கும்."

கணவர் வேண்டாம் என்றார். போனேன். அவளும் வந்திருந்தாள். அவருக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தோம். அவள் வட்டிக் கணக்கு சொல்லிக் கொடுத்தாள், நான் பிரித்தெழுதுக சொல்லிக் கொடுத்தேன். இடையில் அவள் ஒரு கணக்கில் பெருக்கலைத் தப்பாகப் போட்டாள். நான் உடனே சொன்னேன்.

"ஆமாங்க்கா" என்று சிரித்தபடி அழித்தாள். அந்தச் சிரிப்பையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.