இடது கையால் போட்ட கிளிப்

ஒரகடத்தில் கார்களுக்கு ஒயர் கட்டும் ஒரு கம்பெனியில், நாற்பது வயதுக்கு மேல் பயிற்சிக்குச் சேர்ந்தேன். கூட இருந்தவர்கள் பள்ளி முடித்த பெண்கள். அன்று கடைசித் தேர்வு. பலகையில் ஒயர்களைப் பிடிக்கும் கிளிப்புகளை மணி அடிப்பதற்குள் அழுத்திப் போட்டு முடிக்காதவர்களை, வேலை நடக்கும் லைனுக்கு எடுக்க மாட்டார்கள்.

என் கட்டைவிரல் வழுக்கிக்கொண்டே இருந்தது. மற்றவர்கள் பாதி தாண்டிவிட்டார்கள்.

"எனக்கு வராதும்மா, வுட்ருங்க" என்றேன், பயிற்சி தரும் பெண்ணிடம்.

"வராதுன்னு சொல்லக்கூடாதுக்கா. இன்னும் வரலன்னு சொல்லுங்க."

"எப்டி சொன்னாலும் கிளிப்பு உள்ள போவலியே!"

"செம ஆன்ட்டி!" என்று பெண்கள் சிரித்தார்கள். எனக்குக் கண் கலங்கியது. பயிற்சி தருபவள் மட்டும் சிரிக்கவில்லை. "சரிக்கா, வேற எப்டி போட்டா போவும்? நீங்களே சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு, பதிலுக்காக நின்றாள்.

எனக்கு இடது கைதான் வாட்டம். சின்ன வயதில் அடி வாங்கி வலது கைக்கு மாற்றிக்கொண்டது. இங்கேயும் திட்டுவார்கள் என்று மறைத்திருந்தேன்.

"இந்தக் கையால போடட்டுமா?" என்றேன், இடது கையைக் காட்டி.

"இத மொதல்லயே கேக்கறதுக்கு இன்னாக்கா?" என்று பலகையை எனக்குத் தோதாகத் திருப்பி வைத்தாள்.

அடுத்த கிளிப் டக்கென்று உட்கார்ந்தது. அதற்கடுத்ததும். கடைசிக் கிளிப் உட்காருவதற்கும் மணி அடிப்பதற்கும் சரியாக இருந்தது.

'இன்னும் வரல' என்று அவள் சொல்லித்தந்தது நல்ல வார்த்தைதான். வார்த்தையோடு விட்டிருந்தால் நான் அன்றே வீட்டுக்குப் போயிருப்பேன். எனக்கு எது தோது என்று என்னிடமே ஒருவர் கேட்டுவிட்டுக் காத்திருந்தது அதுதான் முதல் தடவை.