குழாய்ப் பள்ளம்

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் வாசலுக்கு வாசல் ஒரு பள்ளம். குழாயில் வேகமே இருக்காது, தரைமட்டம் வரை தண்ணீர் ஏறாது. அதனால் வாசலைத் தோண்டி, வீட்டுக்கு வரும் குழாயை அங்கேயே வெட்டி, உள்ளே இறங்கிக் குடத்தில் பிடிப்போம். பக்கத்து வீட்டுக்காரர் இன்னும் ஆழமாகத் தோண்டினால் நமக்கு நின்றுவிடும். நாமும் தோண்ட வேண்டும். இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த வறண்ட வருடங்களில் தெரு முழுக்க இதே வேலைதான்.

தண்ணீர் நின்றதும், பள்ளத்தில் ஊறிய சாக்கடை அதே குழாய்க்குள் போய்விடும். மறுநாள் எல்லார் குடத்திலும் அதுதான். என் மகளுக்கு மஞ்சள் காமாலை வந்தது. டாக்டர் காய்ச்சிக் குடிக்கச் சொன்னார். காய்ச்சினாலும் நாற்றம் போகவில்லை. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

எல்லாரும் சேர்ந்து பள்ளத்தை மூடினால் தண்ணீரும் மேலே ஏறும், சாக்கடையும் கலக்காது என்று வீடு வீடாகப் போய்த் தொண்டை வற்றப் பேசினேன். எதிர்வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். "நீ சொல்றது கரீட்டுதான் நைனா. மொதல்ல பக்கத்து வூட்ல மூடட்டும், அப்பால நான் மூடறேன்" என்றார். பக்கத்து வீட்டிலும் இதே பதில். மன்றாடி, சண்டை போட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாப் பள்ளத்தையும் மூட வைத்தேன். குழாய்களைப் பழையபடி மேலே ஏற்றினோம்.

மறுநாள் ஒரு சொட்டு வரவில்லை. அடுத்த தெருவில் போய்ப் பார்த்தால், பள்ளங்களில் நின்று குடம் குடமாகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு தெருவுக்கும் ஒரே குழாய். எங்கள் பங்கும் அங்கேதான் கொட்டியது. அவர்களிடம் பேசினால் போதுமா? அதற்கடுத்த தெரு இருக்கிறது, அப்புறம் இன்னொன்று, இப்படியே திருவொற்றியூர் வரை போக வேண்டும். குடிநீர் வாரிய அதிகாரியிடம் முறையிட்டால், ஊரில் எல்லாரும் பள்ளத்தை மூடினால் வேகம் தானாக வரும் என்றார். வேகம் வந்தால் எவன் பள்ளம் தோண்டுவான்? கத்திவிட்டு வந்தேன்.

எதிர்வீட்டுக்காரர் கடப்பாரையும் கையுமாக நின்றிருந்தார்.

"உன் பேச்ச கேட்டு பேஜாரா பூட்ச்சு, நைனா."

என் மனைவி காலிக் குடத்தை என் காலடியில் வைத்தாள். "புள்ள மாத்திர முழுங்க தண்ணி இல்ல. இன்னா பாத்துகினு நிக்கிற? தோண்டுய்யா."

தோண்டினேன். எதிர்வீட்டுப் பள்ளத்தைவிட ஒரு முழம் ஆழமாகவே தோண்டினேன். அடுத்த நாள் தண்ணீர் வந்தது, அதே நாற்றத்தோடு. அதைத்தான் காய்ச்சி மகளுக்குக் கொடுத்தோம்.