முள்ளோடு வந்த திருக்கை

சுன்னாகத்து வெங்காயத் தோட்டக்காரர் கனகசபாபதியின் மகள் பத்மாசினி, முட்டைகூட வாசல் ஏறாத சைவ வீட்டில் பிறந்தவள். அவள் போய்த் திருக்கை மீனின் விஷமுள்ளை ஆராயப் போகிறாள் என்றால் ஊர் சும்மா இருக்குமா? "விசர் முத்திப்போச்சு" என்றது. ஊருக்கென்ன, வேலையில்லாத வாய். அவளுக்கோ அந்தக் கேள்வி நெஞ்சை விட்டுப் போகவில்லை. திருக்கையின் உடம்பெல்லாம் வழுவழுவென்று மூடியிருக்கும் அதே தோல், வால்முள்ளின்மேல் மட்டும் எப்படி விஷத்தோலாக மாறிற்று? திருக்கை குட்டி போடுகிற மீன். எத்தனையோ யுகமாக நடந்த அந்த மாற்றம், தாய் வயிற்றிலிருக்கும் குட்டியில் எப்போது தொடங்குகிறது?

அது எழுபத்தேழாம் ஆண்டு. யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக வளாகம் திறந்து சில வருஷந்தான். அவளுடைய பேராசிரியர் நல்ல மனிதர், பொறுமைதான் கொஞ்சம் குறைவு. "இந்தப் பருவம் முடியிறதுக்குள்ளை பிறக்காத குட்டியும் வேணும், தாயின்ரை முள்ளும் வேணும். இல்லாட்டி வெங்காயப் புழுவை எடும்" என்று சொல்லிவிட்டார். வெங்காயத்திடமிருந்து தப்பத்தானே அவள் படிக்கவே வந்தாள்!

குருநகர்க் கரையில் திருக்கைக்குப் பஞ்சமில்லை. முள்ளுக்குத்தான் பஞ்சம். திருக்கை வலையில் ஏறியதும் முதல் வேலையாக வாலை வெட்டிக் கடலில் எறிந்துவிடுவார்கள். சனம் வெறுங்காலோடு நடக்கிற கரை. ஒரு முள் மணலில் கிடந்தால் போதும். மீன் விற்கும் சிசிலியாவிடம் பத்மாசினி கெஞ்சினாள். "வயித்திலை குட்டியோடை, முழுசா வேணும் அக்கா." சிசிலியாவும் ஓமென்றாள்.

மறுவாரம் போனாள். பெரிய திருக்கையொன்று காத்திருந்தது. வால் வெட்டி, வயிறு கீறி, குட்டிகளையெல்லாம் வழித்தெறிந்து, பளிச்சென்று கழுவி வைத்திருந்தது. "மீன் தொட்டறியாத பிள்ளை, கை ஊத்தையாகப்படாதெண்டு நானே துப்புரவாக்கி வைச்சனான்" என்று சிசிலியா வாயெல்லாம் பல்லாக நின்றாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். பத்மாசினி மணலில் குந்தியிருந்து அழுதாள்.

சிசிலியாவின் புருஷன் கனிசியஸ் சொந்த வள்ளத்தில் கடல்தொழில் செய்பவர். முள்ளோடு திருக்கை கேட்டபோது கையை விரித்தார். "என்ரை தாய் முள்ளு மிதிச்சு ஒரு காலை இழந்தவ, தங்கச்சி. என்ரை வள்ளத்திலை முள்ளுக் கரைக்கு வராது."

"அப்ப நான் கடலுக்கு வாறன், அண்ணை. அங்கையே வெட்டிப் போத்தலுக்குள்ளை போடுறன்."

பொம்பிளை வள்ளம் ஏறுவதா என்று கரையே சிரித்தது. சிசிலியா மட்டும் சிரிக்கவில்லை. "பிள்ளையை அழ வைச்சது நான். கூட்டிக்கொண்டு போங்கோ" என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

நடுக்கடலில் பத்மாசினி சத்தி எடுத்தாள். எடுத்து முடித்து, வாயைக் கொப்பளித்துவிட்டு, மறுபடி வலையைப் பார்த்தாள். வயிறு பெருத்த திருக்கையொன்று ஏறியது. வாலை அவளே வெட்டுவதென்று பேசியதெல்லாம் கனிசியஸுக்கு மறந்துபோயிற்று. பழகின கை கத்தியை ஓங்கிற்று. அவள் வாலின்மேல் தன் கையை வைத்துவிட்டாள். கத்தி நின்றது. திருக்கை நிற்கவில்லை. முள் அவள் கையில் ஏறி இறங்கியது.

உயிர் போகிற வலி. அலறினாள். அலறிக்கொண்டே, "வெட்டாதேங்கோ அண்ணை, தோல் உரிஞ்சுபோம்" என்றாள். தோல் உரியாமல் வெட்ட அவளுக்குத்தான் தெரியும். அவள் கையோ பூசணிக்காயாய் வீங்கிக் கிடந்தது.

பின்னொருநாள் அந்தத் திருக்கையின் வயிற்றுக் குட்டிகளின் முள்ளை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தாள். தாயைக் குத்தாதபடி மெல்லிய உறை. உறைக்குள்ளே, பிறக்கும் முன்பே திரளத் தொடங்கிய விஷ உயிர்க்கலங்கள். அன்று அவளுக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் அதற்கு முதல் அந்த வள்ளம் கரை சேரவேண்டுமே.

வள்ளம் வந்து நின்றதும், கரையில் சிசிலியா அவள் கையைச் சுடுதண்ணீரில் அமிழ்த்திப் பிடித்தாள். பத்மாசினியின் கண் திருக்கை கிடந்த வள்ளத்தை விட்டு அகலவில்லை. அங்கே கத்தியோடு நிற்பவர் தாய் ஒரு காலோடு நொண்டுவதைப் பார்த்து வளர்ந்தவர். அவர் வெட்டினால் யார் குறை சொல்வது?

கனிசியஸ் கத்தியைக் கீழே வைத்தார். திருக்கையைச் சாக்கில் ஏந்தி, முள் தன் உடம்பில் படாமல் வாலை எட்டப் பிடித்துக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் இறங்கினார்.

"எல்லாரும் விலகுங்கோ!" என்று கரை முழுக்கக் கேட்கக் கத்தினார். "தங்கச்சியின்ரை முள்ளு வருகுது!"