நடுவில் நான் நின்ற போட்டோக்கள்

அடுத்தவர் வீட்டுப் புருஷன் பெண்டாட்டி விஷயம் உனக்கு எதற்கு? உன் வீட்டு அடுப்பில் பால் பொங்கி வழிகிறது, அதைப் போய்ப் பார். போகமாட்டாய். சரி, உட்கார். யார் பேரையும் மட்டும் கேட்காதே. முகம் தெரியாத ஒரு ஆபீசருக்கு எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டு அந்த அசிங்கத்தையே நான் இன்னும் கழுவி முடிக்கவில்லை.

என் பேத்தி கட்டிக்கொண்டது வேறு தேசத்துப் பையனை. சென்னையில் ஓ.எம்.ஆர். ரோட்டில் இரண்டு பேருக்கும் ஒரே ஆபீஸ். தாம்பரத்தில் ரிஜிஸ்டர் செய்துவிட்டு முடிச்சூரில் ஒரு சின்ன மண்டபத்தில் சாப்பாடு போட்டோம். பையன் நல்லவன்தான். கை மட்டும் சும்மா இருக்காது. மேடையில் அத்தனை பேர் பார்க்க அவள் இடுப்பில் கையைப் போட்டான். எனக்கு உடம்பெல்லாம் கம்பளிப்பூச்சி ஊர்ந்த மாதிரி இருந்தது. மேலே ஏறி இரண்டு பேருக்கும் நடுவில் போய் நின்றுகொண்டேன். சொந்தக்காரர்கள் கும்பல் கும்பலாக வந்து போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். நான் இறங்கவில்லை.

"பாட்டி, ஜோடியா மட்டும் ஒண்ணு எடுத்துக்கறேனே," என்றார் போட்டோக்காரர்.

"எடு. நான் யாரை மறைச்சேன்?"

கால் வீங்கிப்போனது. குடும்ப மானத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

அப்புறம் மாப்பிள்ளைக்கு அவன் ஊருக்கே மாற்றல் வந்தது. பேத்தியும் கூடப் போக விசா கேட்டு எழுதினாள். முடியாது என்று பதில் வந்தது. கல்யாணம் நிஜம்தானா என்று சந்தேகமாம். விசாவுக்காகவே பொய்யாகக் கல்யாணம் செய்கிறவர்கள் இருக்கிறார்களாம். இன்னொரு தடவை எழுதிக் கேட்கலாம். அதுவும் இல்லையென்றால் அவன் அங்கே, இவள் இங்கே. ஒரு மாதத்தில் அவன் வேலையில் சேர்ந்தாக வேண்டும்.

விசா காகிதம் எழுதித் தருகிற ஆள் ஒருவர் குரோம்பேட்டையில் இருந்தார். பேத்தி என்னையும் அழைத்துப் போனாள். அவர் வடை தின்ற விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுக் கல்யாண போட்டோக்களைத் தள்ளினார். போட்டோவில் என் பேத்தி முகமெல்லாம் எண்ணெயும் எச்சிலும்.

"தப்பா நினைக்காதீங்க பாட்டி. எல்லா போட்டோலயும் மாப்பிள்ளை பக்கத்துல நீங்கதான் நிக்கறீங்க. பார்க்கறவனுக்கு யாருக்கு யார் கல்யாணம்னே தெரியாது."

பேத்தி என்னைத் திட்டவில்லை. சுவரில் இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"சேர்ந்து நிக்கற போட்டோ வேணும்மா," என்றார் அவர். "தொட்டுக்கினு, சிரிச்சிக்கினு, நேச்சுரலா. அப்புறம் வூட்ல பெரியவங்க ஒரு லெட்டர் தரணும். ரெண்டு பேரும் ஒரே ரூம்ல குடும்பம் நடத்தறாங்கன்னு."

"அதை எவன் படிப்பான்?"

"ஆபீசர், பாட்டி."

"அவனைப் பத்தி அவன் பாட்டி இப்படி யாருக்காவது எழுதிக் குடுத்திருக்காளா?"

"பாட்டி, ப்ளீஸ்," என்றாள் பேத்தி.

மறுநாள் கோவளம் போனோம். பேத்தியின் அம்மா டீச்சர், லீவு கிடைக்கவில்லை. அதனால் போனைப் பிடித்து அமுக்குகிற வேலை எனக்கு. இரண்டு பேரும் ஒரு படகை ஒட்டி நின்றார்கள். காலடியில் மீன் செதில், குடல், அதன்மேல் ஈ. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அவன் அவளை இழுத்து அணைத்து நெற்றியில் உதட்டை வைத்தபோது, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு அமுக்கினேன்.

மீன் விற்கிற அம்மா ஒருத்தி கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்தாள். "இன்னா பாட்டி, ஷூட்டிங்கா நடக்குது?"

"கவர்மெண்ட் உத்தரவும்மா. கட்டிப்பிடிக்கணுமாம்."

"எந்தக் கவர்மெண்டு? நம்மளுதா?"

"வெளிநாட்டுது."

"அதானே பார்த்தேன். நம்மளுது ரேஷன் கார்டுல பேரு இருந்தாலே வுட்ரும்."

பேத்தி போனை வாங்கிப் பார்த்தாள். பாதிப் படத்தில் மணல், மீதியில் என் கட்டைவிரல். "இதுலயும் நடுவுல நீதான் பாட்டி," என்றாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். அழுதாள். மீன்காரம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கி, "இன்னும் கிட்டக்க நில்லும்மா, உன் புருசன்தானே," என்று விரட்டி விரட்டிப் பதினைந்து படம் எடுத்துக் கொடுத்தாள்.

சாயங்காலம் குரோம்பேட்டை ஆள் லெட்டரோடு காத்திருந்தார். ஆழ்ந்த அன்பு, பரஸ்பர மரியாதை என்று என்னென்னவோ எழுதியிருந்தார். எனக்கு அது வடையைவிட எண்ணெயாக இருந்தது.

"நான் மூணாங்கிளாஸ். இதை நான் சொன்னேன்னா எங்க வீட்டு நாய்கூட நம்பாது. நான் சொல்றேன், எழுதுங்க."

வாய்விட்டுச் சொன்னேன். எங்கள் அஸ்தினாபுரத்து வீட்டில் அவள் பல் தேய்த்து முடிக்கிறதற்குள், பேஸ்ட் நுரையோடு அவன் முத்தம் கொடுத்ததை நான் பார்த்தேன். அன்றைக்குக் காபியே இறங்கவில்லை. அவள் எச்சில் தட்டில் மிச்சம் வைத்த மோர்சாதத்தை அவன் வழித்துத் தின்றான். அவளுக்கு ஜுரம் வந்து வாந்தி எடுத்தபோது, பக்கெட்டைத் தேடாமல் இரண்டு கையையும் நீட்டி ஏந்தினான். நான் பெற்ற பிள்ளைகளுக்கே நான் பக்கெட்டைத்தான் நீட்டியிருக்கிறேன்.

"இதெல்லாம் போடணுமா பாட்டி?"

"போடுங்க. கல்யாணத்துல நடுவுல நின்னது நான்தான். பார்க்கப் பிடிக்காமத்தான் நின்னேன். பொய்க் கல்யாணமா இருந்தா நான் எதுக்குக் கால் வீங்க நிக்கப்போறேன்னு அந்த ஆபீசரைக் கேளுங்க."

அவர் பேத்தியைப் பார்த்தார். "அப்படியே போடுங்க சார்," என்றாள்.

கீழே ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டேன். உடனே கையைக் கழுவ வேண்டும்போல் இருந்தது. அவர் ஆபீஸ் பாத்ரூமுக்குப் போனேன். கழுவாமலே திரும்பினேன், அப்படி இருந்தது அது.

விசா வந்துவிட்டது. ஆபீசர் எதை நம்பினான் என்று எனக்குத் தெரியாது. ஏர்போர்ட்டில் மாப்பிள்ளை குனிந்து என் கன்னத்தில் ஈரமாக ஒரு முத்தம் வைத்தான். ச்சீ என்று இருந்தது. ஆனாலும் கார் பல்லாவரம் தாண்டுகிறவரை நான் துடைக்கவில்லை.

மறுநாள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்தது. எதிர்வீட்டு அம்மா குடத்தோடு என்னை ஒட்டி வந்து நின்றாள்.

"நீங்க குடுத்த லெட்டராலதான் விசாவே கிடைச்சுதாமே பாட்டி. அப்படி என்ன எழுதினீங்க?"

வரிசையில் இருந்த மற்றவர்களும் குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

"ரெண்டும் தினம் சண்டை போட்டு எங்க உயிரை வாங்குது, சீக்கிரம் கூட்டிக்கிட்டுப் போங்கன்னு எழுதினேன்," என்றேன்.