இருபத்தேழாவது அட்டை

1966ஆம் ஆண்டு நவம்பர் 10, வியாழக்கிழமை. மாலை மணி நான்கு பத்து. கடலூரில் விடியற்காலையில் பிடித்த மழை இன்னும் விடவில்லை. கடற்காற்று அதைச் சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது.

நாளையும் நேரத்தையும் முதலிலேயே எழுதிவிடக் காரணம் உண்டு. நான் சிதம்பரத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியன். இலக்கணம் கற்பிப்பவன், மிகைச்சொல் எழுதும் மாணவனுக்கு மதிப்பெண் குறைப்பவன். கீழே வருவனவற்றுள் ஒரு சொல்லும் மிகையன்று. நம்பாதவர்கள்மீது எனக்கு வருத்தமில்லை. அந்த அறைக்குள் போகும்வரை நானும் அவர்களுள் ஒருவன்.

என் மனைவி ஞானாம்பாளுக்கு அப்போது வயது முப்பத்து நான்கு. விலக்கில்லாத நாள்களிலும் உதிரம் போகத் தொடங்கி ஏழு மாதம் ஆகியிருந்தது. சிதம்பரத்தில் ஒருவர் பலவீனம் என்று சொல்லி ஐந்து மாதம் டானிக் கொடுத்தார். கடலூர் மருத்துவமனையில் டாக்டர் புஷ்பவள்ளி ஒரே நாளில் சோதித்து, கருப்பை வாயில் புற்று என்றார். தொடக்க நிலையில் இந்நோய்க்குக் கத்தி நல்லதா, சென்னைக்கு அனுப்பி ரேடியம் வைப்பது நல்லதா என்று ஐந்தாண்டாக ஆராய்ந்துகொண்டிருந்தவர் அவர். ஞானாம்பாளுக்குக் கத்திதான் என்று முடிவு செய்தார்.

அதற்குக் கணவன் கையெழுத்து வேண்டும். அது அங்கே விதி. படிவத்தில் மனைவி கையெழுத்திட இடமே கிடையாது.

அந்தப் படிவம் மூன்று வாரமாக என் சட்டைப்பையில் இருந்தது. சிதம்பரத்துக்கும் கடலூருக்குமாகப் பேருந்தில் என்னோடு போய் வந்தது. அதில் ஒரு வரி: 'நேரக்கூடிய விளைவுகள் அனைத்தையும் நன்கறிந்து சம்மதிக்கிறேன்.' நான் என்ன அறிவேன்? அறுவை மேசையிலேயே அவள் இறக்கலாம் என்பதை அறிவேன். பிழைப்பாளா என்பதை அறியேன். அறியாததை அறிந்தேன் என்று எழுதி நான் கையெழுத்திட்டதில்லை. அதை நேர்மை என்று அப்போது நினைத்திருந்தேன்.

அன்று மதியம் வார்டில் ஞானாம்பாள் சிரித்தாள். முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.

"பரிட்சைப் பேப்பர் மாதிரி அதையே பாத்துக்கிட்டு இருக்கீங்க. மார்க்காவது போட்டுக் குடுங்க."

"கருப்பையை எடுத்துடுவாங்க, ஞானம்."

"பதினோரு வருஷமா பூட்டியே கெடந்த வீடு. போனாப் போவுது." பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். "எனக்கு இருக்கணும்ங்க. அவ்வளவுதான்."

அப்போதும் நான் கையெழுத்திடவில்லை.

நான்கு பத்துக்கு டாக்டர் என்னை அழைத்தார். உட்காரச் சொல்லவில்லை.

"வாத்தியாரே, நாளைக் காலைல எட்டு மணிக்கு தியேட்டர். இத விட்டா அடுத்த வெள்ளி. அதுக்குள்ள நோய் கருப்பை ஓரத்தத் தாண்டிட்டா நான் கத்தியத் தொடமாட்டேன்."

"ரேடியம்?"

"மெட்ராஸ்ல ரெண்டு மாசம் காத்திருக்கணும். அவ்வளவு நாள் அவுங்க தாங்கமாட்டாங்க."

"ஆபரேஷன் பண்ணுனவங்கள்ல எத்தன பேரு உசுரோட இருக்காங்க?"

"நாப்பத்தொரு பேருக்குப் பண்ணேன். இருபத்தாறு பேரு இன்னமும் அட்டை போடுறாங்க. நம்பலேன்னா ரெக்கார்டு ரூமுக்குப் போய் எண்ணிப் பாருங்க. ஆறு மணிக்கு நான் தியேட்டர் லிஸ்ட எழுதி அனுப்பிடுவேன்."

அட்டை என்றது தபால் அட்டையை. அறுவை முடிந்து வீடு திரும்பிய ஒவ்வொருத்திக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு பதில் அட்டை போகும். எழுதத் தெரிந்தவள் கையெழுத்திட்டும், தெரியாதவள் கைநாட்டு வைத்தும் திருப்பி அனுப்ப வேண்டும். அட்டை திரும்பினால் ஆள் இருக்கிறாள். அவருடைய ஆராய்ச்சி முழுவதும் அந்த அட்டைகளின்மேல் நின்றது.

ரெக்கார்டு கிளார்க் லூர்துசாமி தாழ்வாரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார். சாவியை என்னிடம் நீட்டினார்.

"டீ ஆறிடும் சார், நீங்களே போய்த் தொறங்க. உப்புக்காத்துல பூட்டு இறுகிப்போயிருக்கும். ரெண்டு தட்டு தட்டுங்க."

மணி நான்கு இருபத்தைந்து. இரண்டு தட்டுக்கு மசியவில்லை. மூன்றாவது தட்டில்தான் பூட்டுத் திறந்தது. விளக்கைப் போட்டேன்.

ஜன்னலோரம் முக்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். வயது முப்பது இருக்கலாம். வெள்ளைத் துப்பட்டியால் தலையை மூடியிருந்தாள். மடியில் ஓர் அட்டைப்பெட்டி.

"நீங்க இங்க ஆயாவா?"

"இல்ல சார். காத்துக்கிட்டு இருக்கேன்."

மழைக்கு ஒதுங்கியவள் என்று எண்ணிக்கொண்டேன். பெட்டியை நீட்டினாள். வாங்கி மேசையில் வைத்து எண்ணினேன்.

இருபத்தேழு.

மீண்டும் எண்ணினேன். இருபத்தேழு. டாக்டர் சொன்னது இருபத்தாறு. தொகை தவறுபவர் அல்லர் அவர். எனக்கு எரிச்சல் வந்தது. ஒன்று தவறானால் எல்லாம் தவறாகலாம் என்று தோன்றியது.

"பேரப் படிங்க சார்," என்றாள். "எனக்குப் படிக்கத் தெரியாது."

பெயரையும் ஊரையும் படித்தேன். நெல்லிக்குப்பம், சேத்தியாத்தோப்பு, கம்மாபுரம்... ஒவ்வொரு பெயருக்கும் தலையசைத்தாள். அவர்களையெல்லாம் தெரிந்தவள்போல.

படித்து முடிக்குமுன், நான்கு நாற்பதுக்கு மின்சாரம் போயிற்று.

ஜன்னலில் சாம்பல் வெளிச்சம் மட்டும் மிஞ்சியது. அப்போதுதான் மூன்று விஷயங்களைக் கவனித்தேன். வாசலிலிருந்து மேசைவரை என் ஈரக் காலடிகள் இருந்தன. அவள் முக்காலியைச் சுற்றித் தரை காய்ந்திருந்தது. புழுதி கலையவே இல்லை. இரண்டாவது, கற்பூர வாசனை. மூன்றாவது...

மழைச் சத்தம் கேட்கவில்லை.

கண்ணாடியில் நீர் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் ஓசை இல்லை.

"நீங்க எந்த ஊரும்மா?"

"பரங்கிப்பேட்டை. ஆரிபா."

"யாருக்காகக் காத்திருக்கீங்க?"

"எங்க ஆளு பினாங்குல இருக்காங்க. சம்மதக் காயிதம் அனுப்பியிருக்கு. கையெழுத்துப் போட்டுக் கப்பல்ல வரணும்." ஜன்னலைப் பார்த்தாள். "டாக்டரம்மாகிட்ட நானே ரேகை வச்சுக் குடுத்தேன் சார். பொம்பள ரேகை செல்லாதுன்னுட்டாங்க."

டப்...

மேசைமேல் ஏதோ பதிந்தது. ஈர விரலைக் காகிதத்தில் அழுத்தி எடுக்கும் ஓசை.

டப்...

அவள் கை மடியிலேயே இருந்தது.

கட்டைவிரல் நீலமாக இருந்தது. நகக்கண்வரை நீலம்.

"நீங்க கையெழுத்துப் போட்டாச்சா, சார்?"

என் படிவத்தைப் பற்றி அவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை.

"இன்னும் இல்ல," என்றேன்.

"ஏன்?"

மூன்று வாரமாகச் சொல்லிவந்த காரணத்தைச் சொல்ல வாயெடுத்தேன். கை சட்டைப்பைக்குப் போயிற்று.

"எங்க ஆளும் நல்லவங்கதான்," என்றாள். "நல்லா யோசிப்பாங்க."

டப்...

டப்...

வாசனை கிட்டே வந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. ஆனால் கிட்டே வந்தது.

"போடுங்க சார்."

படிவத்தை எடுத்தேன்.

"போடுங்க."

பேனாவைத் திறந்தேன். பெயரை எழுதினேன். சு. மணவாளன். நாளையும் எழுதினேன்.

டப்.

என் கைக்கு வெகு அருகில்.

கண்ணை மூடிக்கொண்டேன்...

விளக்கு எரிந்தபோது மழை பெருஞ்சத்தத்தோடு பெய்துகொண்டிருந்தது. முக்காலியில் யாரும் இல்லை. கைக்கடிகாரத்தில் மணி ஐந்து முப்பத்தொன்று. ஐந்து நிமிடத்துக்குமேல் நாங்கள் பேசியிருக்க மாட்டோம். படிவத்தை மடித்தேன். எப்படி மடித்தேன் என்று நினைவில்லை.

லூர்துசாமி வாசலில் நின்றார். "இருட்டுல என்ன சார் பண்ணீங்க? மெழுகுவத்தி கேட்டிருக்கலாம்ல?"

"உள்ள ஒரு அம்மா இருந்தாங்க. எப்படிப் போனாங்க?"

"உள்ளயா? பூட்ட நீங்கதான சார் தொறந்தீங்க?"

அதுவரை அது எனக்குத் தோன்றவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

"பரங்கிப்பேட்டைன்னாங்க. ஆரிபான்னு பேரு."

அவர் சிலுவைக்குறி இட்டுக்கொண்டார். கீழ்த்தட்டிலிருந்து பழைய கோப்பு ஒன்றை எடுத்துப் பிரித்தார். உள்ளே என்னுடையதைப் போலவே ஒரு சம்மதப் படிவம். அடியில் அப்துல் மஜீத் என்ற கையெழுத்து. உறையில் பினாங்கு முத்திரை.

"ரெண்டு வருஷம் ஆச்சு. டாக்டரம்மா நாலு காயிதம் போட்டாங்க. அந்த மனுசன் பயந்துபோய் யார் யாரையோ யோசன கேட்டிருக்காரு. இவுங்க தெனம் என்கிட்ட வந்து நிப்பாங்க, கப்பல் வந்துச்சான்னு. கடைசில கையெழுத்து வந்துச்சு சார்." கோப்பினை மூடினார். "அவுங்க மய்யித்தப் பரங்கிப்பேட்டைக்கு அனுப்பி அப்ப ஒம்போது நாளு. வந்த காயிதத்த வாங்கத்தான் ஆளில்ல."

"அவுங்களுக்கு அட்டை அனுப்பினீங்களா?"

"ஆபரேஷனே நடக்கல. எதுக்கு அனுப்பப்போறோம்?"

அவரும் நானும் பதிவேட்டை வைத்து அட்டைகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். இருபத்தாறும் பொருந்தின. ஒன்று மிஞ்சியது. முகவரி இல்லை. தபால் முத்திரை இல்லை. ஒரு நீலக் கைநாட்டு மட்டும். லூர்துசாமி தொட்டுப் பார்த்தார்.

மை அவர் விரலில் ஒட்டியது.

நான் ஓடினேன். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் ஓடிய தமிழாசிரியனைப் பார்த்து யாரோ சிரித்தார்கள். டாக்டர் பட்டியலை எழுதிக்கொண்டிருந்தார். அவர்முன் படிவத்தைப் பிரித்து நீட்டினேன். வாங்கக் கையை உயர்த்தியவர் அப்படியே நிறுத்தினார்.

"கைநாட்டும் வாங்குனீங்களா? இது தேவையே இல்லையே."

அப்போதுதான் நானும் பார்த்தேன். என் கையெழுத்துக்குக் கீழே, யாருக்கும் இடம் விடப்படாத ஓரத்தில், நீலமாக ஒரு பெருவிரல் ரேகை. ஈரம் மின்னியது.

"ஞானாம்பாள் வச்சாங்களா?"

"இல்ல, டாக்டர்," என்றேன். "அவளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்."

ஐந்தாண்டாக ரேகைகளைப் பார்த்துவரும் பெண் அவர். விளக்கைச் சற்று அருகே இழுத்தார். நெடுநேரம் பார்த்தார். அவர் உதடு ஒரு பெயரைச் சொல்வதுபோல அசைந்தது, ஓசை வரவில்லை. பிறகு கையை மீண்டும் நீட்டினார்.

படிவத்தைக் கொடுத்தேன். மணி ஐந்து ஐம்பத்தேழு.