தினம் ஒரு நன்றி கேட்ட காதர் பாய்

காதர் பாய் காலமான செய்தி வந்தபோது என் முகத்தில் பாதிக்குத்தான் சவரம் ஆகியிருந்தது. "மாமா, அத்தா போயிட்டாங்க" என்று அவருடைய மகன் போனில் சொன்னான். நுரையைத் துடைத்துவிட்டு அப்படியே செல்லூருக்கு ஓடினேன். அழுதுகொண்டிருந்த பாயின் மனைவி என்னைப் பார்த்ததும், "என்னண்ணே இது கோலம்!" என்று சிரித்துவிட்டு, மறுபடி அழுதார்.

பாயைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். துண்டு நெய்யும் விசைத்தறிகள் வைத்திருந்தவர். அந்தத் துண்டுகளை மொபெட்டில் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுவது என் வேலை. நான் படித்த ஒன்பதாம் வகுப்புக்கு மொபெட் கிடைத்ததே பெரிது. சாயங்காலம் தறி நின்றதும் டீ வரும். கிளாஸைக் கையில் கொடுக்கும் முன் பாய் கேட்பார்: "இன்னைக்கு எதுக்கு நன்றி மாப்ள?" பதில் சொன்னால்தான் டீ. நேற்றுச் சொன்னது செல்லாது. டீக்கே நன்றி சொல்லித் தப்பப் பார்ப்பேன். "அதுதான் இன்னும் உன் கைக்கே வரலியே" என்பார்.

தொழில் படுத்து, தறிகளை எடைக்குப் போட்ட அன்றும் கேட்டார். அவரே சொன்னார்: "சத்தம் நின்னுருச்சு. இனி என் பொண்டாட்டி பேசுறது காதுல விழும்."

உள்ளேயிருந்து குரல் வந்தது: "இம்புட்டு நாளும் விழாம இருந்துச்சுல்ல, அதுக்குச் சொல்லுங்க."

பிறகு என் கால் உடைந்தது. லாரி மோதியது என்று எழுத ஆசைதான். குறுக்கே வந்த கோழிக்கு வழிவிடப் போய் மொபெட்டோடு சாக்கடைக்குள் இறங்கினேன். கோழி நலம். வில்லாபுரம் வீட்டில் மாவுக்கட்டோடு கிடந்தேன். பாய் தினமும் பஸ் ஏறி வந்து அதே கேள்வியைக் கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கால் உடைஞ்சதுக்கா பாய் நன்றி சொல்லணும்?"

"அதுக்கு யாரு சொல்லச் சொன்னா? அதை நல்லா வைஞ்சுக்க. கட்டுக்குள்ள அரிக்குதுன்னியே, சொறிய ஆள் வந்திருக்கேன்ல, அதுக்குச் சொல்லு." சொல்லிக்கொண்டே ஒரு குடைக்கம்பியைக் கட்டுக்குள் விட்டார். நான் மனதாரச் சொன்ன முதல் நன்றி அதுதான்.

கட்டைப் பிரித்த பிறகும் காலை ஊன்றப் பயம். இப்படியே வைத்திருந்தால் நடக்கவே முடியாமல் போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் சம்பாதிப்பவன் நான் ஒருவன்தான். மகள் அப்போதுதான் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். பாய் எதிரே வந்து நின்று கையை நீட்டினார்.

"விழுந்துட்டா பாய்?"

"சேந்தே விழுவோம். உன் மக வீடியோ எடுக்கட்டும்."

ஊன்றினேன். வந்த வலியில் பாயின் பரம்பரையையே இழுத்து வைதுவிட்டேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "வலிக்குதுல்ல? அப்ப கால் உசுரோட இருக்கு மாப்ள!" அன்றிலிருந்து நடக்கிறேன், ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து.

அடக்கத்துக்கு அவரைச் சந்தூக்குப் பெட்டியில் வைத்துத் தூக்கியபோது நானும் ஒரு முனைக்குத் தோள் கொடுத்தேன். என் நடைக்கு அந்த முனை ஏறி ஏறி இறங்கியது.

"ஆட்டாம தூக்குப்பா" என்றார் பின்னால் வந்த ஒரு பெரியவர்.

"மாமா நடையே அப்படித்தான். அத்தா கோவிச்சுக்க மாட்டாங்க" என்றான் மகன்.

வழியில் பலர் தோள் மாற்றக் கேட்டார்கள். நான் பள்ளிவாசல் வரை யாருக்கும் கொடுக்கவில்லை. போய் வாருங்கள் பாய். கொஞ்சம் குலுக்கித்தான் கொண்டுவந்தேன். ஆனால், நடந்தே கொண்டுவந்தேன்.